படகிழுத்த பாதை, கரிய ஆறு: ரூர் நிலத்தின் மிதிவண்டித் தடங்களும் அவற்றுக்கு அடியிலுள்ள சொற்களும்

ஜெர்மனியின் மேற்கே, வின்டர்பெர்க் மலைச்சரிவில் தோன்றும் ரூர் ஆறு டூயிஸ்பர்க் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. தோற்றுவாயிலிருந்து கழிமுகம் வரை ஆற்றை ஒட்டியே ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுள்ள ஒரு மிதிவண்டித் தடம் செல்கிறது. 2006-இல் திறக்கப்பட்ட இத்தடம் இன்று அந்நாட்டின் புகழ்பெற்ற நெடும்பயணத் தடங்களுள் ஒன்று. இதற்குச் சற்று வடக்கே, ரூருக்கு ஏறத்தாழ இணையாக, எம்ஷர் என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஹோல்ட்ஸ்விக்கடேயில் தோன்றி டின்ஸ்லாக்கன் அருகே ரைனில் கலக்கும் அதன் கரையிலும் ஏறத்தாழ 100 கி.மீ. நீளமுள்ள மற்றொரு தடம் உண்டு. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்திலும் அதன் விளிம்புகளிலும்தான் டார்ட்முண்ட், போஹும், எசென், கெல்சன்கிர்ஷன், ஓபர்ஹவுசன் ஆகிய நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

இந்திய மாணவருக்கு ரூர் என்னும் பெயர் பள்ளிப் புவியியல் நூலில் நிலக்கரி, எஃகு என்னும் இரு சொற்களோடு அறிமுகமாகிறது. வரலாற்று மாணவர் அதனை 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் புகுந்த நிலமாக மீண்டும் சந்திக்கிறார். அந்த நிலம் இப்போது விடுமுறைக்கு மிதிவண்டியோட்டச் செல்லும் இடமாகிவிட்டது. புகைபோக்கிகள் அணைந்தன, ஆறு தெளிந்தது, மக்கள் கரைக்குத் திரும்பினர் என்று இம்மாற்றம் பொதுவாக ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. கதையில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: தடம் ஏன் இந்த வழியாகச் செல்கிறது? அதன் மென்சரிவு, அகலம், குறுக்குச் சாலைகளில் நிற்காமல் செல்லும் தொடர்ச்சி ஆகியவை எங்கிருந்து வந்தன? சுற்றுலாத் துறை அவற்றைப் புதிதாக வரையவில்லை. பெரும்பாலும் அவை பழைய தொழில்களின் தேவைகள் வரைந்து வைத்த கோடுகள். அத்தொழில்களைச் செய்த மனிதரைப் பற்றித் தடம் சொல்லாமல் விடுவதை அந்நிலத்தின் பேச்சுமொழி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதலில் ரூர்க் கரை. விட்டன் நகரை ஒட்டிய முட்டன் பள்ளத்தாக்கில் நிலக்கரிப் படுகை தரைமட்டத்திற்கே எட்டிப்பார்க்கிறது. ஆழச் சுரங்கங்கள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் மலைச்சரிவைக் கிடைமட்டமாகக் குடைந்து கரி எடுத்தனர். எடுத்த கரியை வெளியே கொண்டுசெல்ல ஆறு ஒன்றே வழி. பிரஷ்ய அரசின் முயற்சியால் 1780 அளவில் ரூர் ஆறு போக்குவரத்துக்கு ஏற்றதாக்கப்பட்டது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்க 16 மதகுகள் அமைக்கப்பட்டன. ஓட்டத்தோடு செல்லும்போது கரிப்படகுகள் தாமே சென்றன. எதிர்த்து வரும்போது கரையில் நடந்த குதிரைகள் கயிறு கட்டி அவற்றை இழுத்தன. அக்குதிரைகள் நடந்த பாதைக்கு 'லைன்ப்ஃபாட்' என்று பெயர். 'லைனே' என்றால் கயிறு. 'ப்ஃபாட்' என்றால் பாதை.

படகிழுக்கும் குதிரைக்குச் சில தேவைகள் உண்டு. பாதை நீரை விட்டு விலகக்கூடாது. ஏற்ற இறக்கம் கூடாது. கயிறு சிக்கும்படி கரைக்கும் பாதைக்கும் இடையில் மரங்கள் இருக்கக்கூடாது. இடையில் பாதை அறுபடக்கூடாது. இன்று சுமைப்பைகளோடு நாள் முழுதும் மிதிக்கும் பயணிக்கும் தேவைப்படுபவை ஏறத்தாழ இவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலேயே போக்குவரத்து மிகுந்த ஆறுகளுள் ஒன்றாக ரூர் விளங்கியது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆற்றுவழிக் கரிப் போக்குவரத்து தேய்ந்து, 1890 அளவில் முடிவுக்கு வந்தது. குதிரைகளும் படகுகளும் மறைந்தபின் கயிற்றுப் பாதை மட்டும் எஞ்சியது. ரூர்த் தடத்தின் கீழ்ப்பகுதியில் பல இடங்களில் மிதிவண்டி ஓடுவது அந்தப் பாதையின் மீதுதான்.

இருப்புப்பாதையும் பின்னர் அதே வழியில் தன் கோட்டை விட்டுச் சென்றது. போஹும் நகரின் எஃகு ஆலைக்கு வேண்டிய இரும்புத்தாது, 1914-இல் திறக்கப்பட்ட ரைன்-ஹெர்னே கால்வாயின் வழியே கெல்சன்கிர்ஷனிலிருந்த கிரிம்பெர்க் துறைக்கு வந்தது. துறையிலிருந்து ஆலைவரை அதைச் சுமந்து சென்றது 'எர்ட்ஸ்பான்' எனப்பட்ட தாது இரயில். தாது ஏற்றிய வண்டித்தொடர் செங்குத்தாக ஏற முடியாது. நகரச் சந்திப்புகளில் நின்று நின்று செல்லவும் முடியாது. எனவே உயர்ந்த மண்கரை எழுப்பி, சாலைகளுக்கு மேலே பாலங்கள் அமைத்து, ஏறத்தாழ 9 கி.மீ. நீளத்திற்கு மெல்ல ஏறும் ஒரு கோடு போடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டு மிதிவண்டித் தடமாகிவிட்ட அக்கோட்டில் இன்று செல்வோர், கீழே நகரப் போக்குவரத்து நெரிய, மேலே தடையின்றிச் செல்கின்றனர். 2015-இல் முல்ஹைமுக்கும் எசெனுக்கும் இடையே முதற்பகுதி திறக்கப்பட்ட விரைவு மிதிவண்டிச் சாலையும் கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையின் மீதே அமைந்தது.

கயிற்றுப் பாதையும் தாது இரயிலும் எளிய கதைகள். எம்ஷரின் கதை அவ்வளவு எளிதன்று. கரித்தொழில் வடக்கு நோக்கிப் பரவி ஆழச் சுரங்கங்கள் பெருகியபோது, தெற்கே ரூரும் வடக்கே எம்ஷரும் இரு வேறு பணிகளுக்கு ஒதுக்கப்பட்டன. ரூர் குடிநீர் தரும் ஆறாகவும் எம்ஷர் கழிவைச் சுமக்கும் ஆறாகவும் ஆயின. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள 1899, 1901 ஆகிய இரு ஆண்டுகள் உதவுகின்றன.

1899-இல் இரண்டு நீர் அமைப்புகள் தோன்றின. ஒன்று, ரூர்ப் பள்ளத்தாக்கின் அணைகளுக்கான சங்கம். நகரங்களும் ஆலைகளும் ரூரிலிருந்து இறைத்த நீரில் பெரும்பகுதி வடக்கே எம்ஷர் வடிநிலத்திற்குச் சென்று, கழிவாகி, எம்ஷர் வழியே ரைனை அடைந்தது; ரூருக்குத் திரும்பவில்லை. கோடையில் ரூர் வற்றியது. எனவே மேற்பகுதிகளில் அணை கட்டி நீரைத் தேக்கிவைக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, அவ்வாண்டு டிசம்பரில் போஹுமில் நிறுவப்பட்ட எம்ஷர்க் கூட்டமைப்பு. நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர். எம்ஷரின் கழிவை வடியச் செய்வது அதன் பணி.

1901-இல் கெல்சன்கிர்ஷனில் குடற்காய்ச்சல் பரவி மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். காரணம் ஆராய ராபர்ட் கோக் வந்தார். குடிநீர் நிலையம் ரூர் ஆற்றின் வடிகட்டாத நீரை ஒரு குழாய் வழியே நேரடியாகக் கலந்து வழங்கியது 1904-இல் நடந்த வழக்கில் வெளிப்பட்டது. குடிநீரையும் கழிவையும் கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. ரூரைக் காக்க எம்ஷர் பலியானது.

கழிவுநீரை நிலத்தடிக் குழாய்களில் ஏன் கொண்டுசெல்லவில்லை என்ற கேள்வி இங்கு எழும். கீழே கரி எடுக்கப்பட்ட நிலம் நிலையாக நிற்காது. சுரங்கத்தின் வெற்றிடம் சரியும்போது மேலிருக்கும் நிலமும் அமிழும். ஒரே சீராகவும் அமிழாது. குழாய்கள் முறியும், அவற்றின் சரிவு தலைகீழாகும். திறந்த வாய்க்காலானால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், உடனே சரிசெய்யலாம். எனவே வளைந்து நெளிந்து ஓடிய எம்ஷர் நேராக்கப்பட்டது. அதன் படுகையில் கான்கிரீட் பலகைகள் பதிக்கப்பட்டன. நிலம் அமிழ அமிழ இருபுறமும் கரைகள் உயர்த்தப்பட்டன. நிலம் தாழ்ந்ததால் ஆற்றின் கழிமுகத்தையே இருமுறை, 1910 அளவிலும் 1949-இலும், வடக்கே நகர்த்த நேர்ந்தது. பழைய கழிமுகத்தில் இருந்த அல்சும் என்னும் சிற்றூர் இப்போது இல்லை. அவ்விடத்தில் இடிபாடுகளும் கழிவும் குவிந்த ஒரு குன்று, ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொறியாளர் ஆவணங்கள் எம்ஷரையும் அதன் கிளை ஓடைகளையும் 'ஃபோர்ஃப்லூட்டர்' என்று குறித்தன. நீரை ஏற்றுக் கீழே கொண்டுசெல்லும் வடிகால் என்பது அக்கலைச்சொல்லின் பொருள். கரையில் வாழ்ந்தவர்கள் அவற்றை 'கோட்டெல்பெக்கே' என்றனர். 'பெக்கே' என்பது வடபுலத் தாழ்ஜெர்மானிய வழக்கில் ஓடை. 'கோட்டெல்' என்பது மலக்கட்டி. முதற்சொல் நீர் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டாம் சொல் ஓடுவது இன்னதென்பதையும் சொல்கிறது. இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பவை. ஒன்று வரைபடத்தில் ஆற்றைக் கண்டவரின் சொல். மற்றொன்று கோடையில் சன்னலைத் திறக்க முடியாதவரின் சொல். ஆற்றின் இருபுறமும் வேலி இருந்தது. வாய்க்காலின் வழுக்கும் சரிவில் விழுந்தவர் ஏறி வருவது அரிது என்பதால், உயிருக்கு ஆபத்து என்னும் பலகைகள் வேலியில் தொங்கின. கரைமேல் ஒரு பாதை இருந்தது. அது கூட்டமைப்பின் பணியாளர் வண்டிகளுக்கு மட்டும் உரியது. மூன்று, நான்கு தலைமுறையினர் தம் ஊரின் ஆற்றை வேலிக்கு வெளியே நின்றே பார்த்தனர். இன்றைய எம்ஷர்த் தடம் பெரும்பாலும் அந்தப் பணிப்பாதையே. மிதிவண்டிப் பயணிக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓர் உரிமை, கரையில் நிற்கும் உரிமை, அவ்வூர்க்காரருக்குப் புதியது.

எம்ஷர் தெளிவதற்கு முதற்காரணம் சூழலியல் விழிப்பு என்று பலர் கருதுகின்றனர். விழிப்பு தேவைப்பட்டது உண்மை. ரூரின் வானம் மீண்டும் நீலமாக வேண்டும் என்று வில்லி பிராண்ட் 1961-லேயே தேர்தல் மேடையில் பேசியிருந்தார். ஆயினும் எம்ஷரைப் பொறுத்தவரை முன்நிபந்தனை வேறு: சுரங்கத் தொழில் மேலும் வடக்கே நகர்ந்துவிட்டதால் எம்ஷர் நிலம் அமிழ்வது நின்றது. நிலம் நிலைத்தபின்தான் நிலத்தடிக் குழாய் சாத்தியமாயிற்று. 1992-இல் தொடங்கிய பணியில், டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கி.மீ. நீளத்திற்கு ஒரு பெருங்கழிவுக் குழாய் நிலத்தடியில் அமைக்கப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. 2021 இறுதியிலிருந்து எம்ஷரில் கழிவுநீர் விடப்படுவதில்லை.

1989 முதல் 1999 வரை, கார்ல் கான்சர் தலைமையில் நடைபெற்ற பன்னாட்டுக் கட்டட அரங்கேற்றத் திட்டம், எம்ஷர்ப் பள்ளத்தாக்கின் கைவிடப்பட்ட ஆலைகளை இடிக்காமல் வைத்துக்கொள்வது என்ற அணுகுமுறையை முன்வைத்தது. 1985-இல் மூடப்பட்ட மைடரிஷ் இரும்பு ஆலை, பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவடிவமைப்பாளரின் திட்டப்படி 1994-இல் பூங்காவாயிற்று. ஊதுலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தாது கொட்டிவைத்த சுவர்களில் மலையேறுவோர் பழகுகின்றனர். வாயுக்கலன் ஒன்றில் நீர் நிரப்பி முக்குளிப்போர் பயில்கின்றனர். பூங்காவின் நடுவே பழைய எம்ஷரின் வாய்க்காலும் உண்டு. கழிவு அதன் அடியில் குழாயில் ஓட, மேலே மழைநீர் ஓடுகிறது. எசெனில் ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெமர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1932-இல் இயங்கத் தொடங்கிய சோல்ஃபெரைன் சுரங்கத்தின் பன்னிரண்டாம் தண்டு, 1986 டிசம்பரில் மூடப்பட்டு, 2001-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. மிதிவண்டித் தடங்கள் இவற்றையெல்லாம் மணிமாலைபோல் கோத்துச் செல்கின்றன.

இங்கேதான் தேர்வு குறித்த கேள்வி எழுகிறது. காக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இயந்திரங்களும் கட்டடங்களும். அவற்றின் ஒழுங்கும் அளவும் கண்ணைக் கவர்கின்றன. 1957-இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு இலட்சம் பேர் வேலை செய்தனர். அவர்களைக் காட்சிப்படுத்துவது அவ்வளவு எளிதன்று. காப்பது என்னும் இயக்கம் இந்நிலத்தில் உருவான விதமே இதற்குச் சான்று. ஓபர்ஹவுசனில் 1846-இல் தொடங்கப்பட்ட ஐசன்ஹைம், ரூர் நிலத்தின் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பு. அதை இடித்து உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, 1970-களின் தொடக்கத்தில், அங்கு வாழ்ந்தவர்களே எதிர்த்து நின்றனர். ரோலாண்ட் குந்தர் என்னும் கலை வரலாற்றாய்வாளர் அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் கேட்டது அழகிய சின்னம் ஒன்றை அன்று. தோட்டத்தோடு கூடிய வீடு, குறைந்த வாடகை, அறிந்த அண்டை வீட்டார் ஆகியவற்றைத்தான் கேட்டனர். குடியிருப்பு நிலைத்தது. அரசுத் திட்டங்கள் 'தொழிற்பண்பாடு' என்ற சொல்லைப் பரவலாகக் கையாள்வதற்கு முன்பே, வாடகை வீட்டுக்கான ஒரு போராட்டம் அதன் உள்ளடக்கத்தை வகுத்துவிட்டது.

அந்தத் தொழிலாளர் யார் என்ற கேள்விக்குத் தடத்தின் அறிவிப்புப் பலகைகளைவிட மொழி தெளிவாக விடை சொல்லும். பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து போலிஷ் மொழி பேசுவோரும், அதன் கிளைவழக்கு ஒன்றைப் பேசிய புரொட்டஸ்டண்ட் மசூரியரும் இலட்சக்கணக்கில் ரூர் நிலத்திற்கு வந்தனர். முதல் உலகப் போருக்கு முன் அவர்களின் எண்ணிக்கை மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நீர் அமைப்புகள் இரண்டும் தோன்றிய அதே 1899-இன் ஜனவரியில், சுரங்கக் காவல் ஆணை ஒன்று, போதிய ஜெர்மன் அறியாத பிறமொழியாளரைச் சுரங்கப் பணியில் அமர்த்தக் கட்டுப்பாடு விதித்தது. மேற்பார்வைப் பணிகளுக்கு ஜெர்மனில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்றது. பாதுகாப்பு அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நிலத்தடியில் எச்சரிக்கைக் குரல் புரியாவிட்டால் உயிர் போகும் என்பது மெய்யே. எனினும் ஆணைகளைப் போலிஷ் மொழியிலும் எழுதலாம் என்ற மாற்றுவழி ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஜூனில், சுரங்கத் தொழிலாளர் காப்புநிதிக்கான பிடித்தம் உயர்ந்ததை எதிர்த்து ஹெர்னேயில் போலிஷ் இளைஞர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் போயின. 1908-இன் சங்கச் சட்டம் பொதுக்கூட்டங்களில் ஜெர்மன் மொழியையே பயன்படுத்த வேண்டும் என்றது. போஹுமில் போலிஷ் நாளிதழும் 1902-இல் போலிஷ் தொழிற்சங்கமும் தோன்றியிருந்த நிலையில் வந்த சட்டம் அது.

ஆணைகள் கூட்டத்தின் மொழியைக் கட்டுப்படுத்தின. வேலையிடத்தின் மொழியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ரூர்ப் பேச்சுவழக்கில் பெரிய சுத்தியலுக்கு 'மொட்டெக்' என்று பெயர். போலிஷ் மொழியின் 'முவோட்டெக்' என்பதன் திரிபு அது. கடும் உழைப்புக்கு 'மலோஹே'. எபிரேயத்தில் வேலை எனப் பொருள்படும் 'மெலாகா' என்னும் சொல் இத்திஷ் வழியாக வந்து சேர்ந்தது. சுரங்கத்தை 'ப்யுட்' என்பர். கிணறு எனப் பொருள்படும் 'புட்டேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உடன் வேலை செய்பவர் 'கும்ப்பெல்'. தமிழின் கும்பலோடு ஒலியொப்புமை இருப்பினும் உறவேதும் இல்லை. இலத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்ற பொருளுடைய இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஜெர்மனுக்கு வந்து, சுரங்கத் தோழனைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்தது. மொழித்தூய்மை நோக்கில் இச்சொற்கள் கலப்படம். சமூக வரலாற்று நோக்கில் இவை வருகைப் பதிவேடு. சுத்தியலின் பெயர் போலிஷ் மொழியில் அமைந்திருக்கிறது என்றால், அதைப் பிடித்த கை எது என்பதற்கு வேறு சான்று அதிகம் வேண்டியதில்லை. ஷால்கே கால்பந்துக் கழகத்தின் பெருமைக்குரிய எர்ன்ஸ்ட் குட்சோரா, ஃபிரிட்ஸ் ஷெப்பான் ஆகியோரின் குடும்பப் பெயர்களும் மசூரிய நிலத்திலிருந்து வந்தவையே. 1961 அக்டோபரில் துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்பின் வந்தவர்களின் பெயர்கள் அடுத்த அடுக்கு.

தம் விருப்பத்தால் வராதவர்களும் உண்டு. ரூர்த் தடத்தின் மேற்பகுதியில், மோனே ஆறு ரூரோடு கலக்கும் இடத்தில், நேஹைம் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் மோனே அணை 1908-க்கும் 1913-க்கும் இடையே கட்டப்பட்டது. ரூர் வற்றாமல் இருக்க 1899-இன் சங்கம் எழுப்பிய அணைகளுள் ஒன்று அது. 1943 மே 17 அதிகாலையில் பிரித்தானிய விமானங்கள் அதைத் தகர்த்தன. பள்ளத்தாக்கில் பாய்ந்த வெள்ளத்தில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர், சோவியத் நிலங்களிலிருந்து கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டு நேஹைம் அருகே முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்ட அயல்நாட்டார். அணை உடைந்த இரவைப் பற்றி நூல்களும் திரைப்படமும் உண்டு. அவற்றில் பெரிதாகப் பேசப்படுவது விமானிகளின் துணிவும் குண்டின் பொறியியலும். ஆற்றங்கரையில் முகாம் ஏன் இருந்தது என்று கேட்கும்போதுதான் ரூரின் தொழில் வரலாறும் போர் வரலாறும் ஒன்றே என்பது புலப்படும்.

அண்மைக்காலத்தின் அடுக்கு டார்ட்முண்டின் ஹோர்டே பகுதியில் தெரிகிறது. 1841-இல் தொடங்கி வளர்ந்த எஃகு ஆலை 2001-இல் மூடப்பட்டது. சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. சீனத் தொழிலாளர்கள் வந்து ஆலையைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலேற்றினர். ஆலை நின்ற பள்ளத்தில் 2010 அக்டோபரில் நீர் நிரப்பத் தொடங்கி, ஏறத்தாழ 24 ஹெக்டேர் பரப்பில் ஃபீனிக்ஸ் ஏரி உருவாக்கப்பட்டது. ஆலைக்கு அடியில் குழாயில் அடைபட்டிருந்த எம்ஷர் ஏரியை ஒட்டித் திறந்தவெளியில் விடப்பட்டது. எம்ஷர்த் தடம் அவ்வழியே செல்கிறது. கரையில் உருக்காலையின் பழைய கலன் ஒன்று நினைவுப்பொருளாக நிற்கிறது. சுற்றிலும் எழுந்த புதிய வீடுகளின் விலை, அருகிலேயே வாழும் பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆலை இருந்தவரை அவர்கள் மதிலுக்கு வெளியே வசித்து உள்ளே சென்று உழைத்தனர். இப்போது ஏரிக்கரையில் உலவலாம், வீடு வாங்க இயலாது. கரைக்கு வரும் உரிமை திரும்பக் கிடைத்தது. கரையில் வாழும் வாய்ப்பு வேறு கைக்கு மாறியது. எம்ஷர் சீரமைப்பின் பயனை மதிப்பிடும் ஆய்வுகள் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம், போட்ராப் நகரின் புரோஸ்பர்-ஹானியல், 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. கடைசிக் கரித்துண்டு குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரிடம் அளிக்கப்பட்டது. ஒரு காலம் முடிந்தது என்று அன்று எல்லோரும் பேசினர். ஆனால் இந்நிலத்தின் நிர்வாக மொழியில் அதற்கு முரணான ஒரு கூட்டுச்சொல் உண்டு: 'ஏவிஷ்கைட்ஸ்லாஸ்டென்'. 'ஏவிஷ்கைட்' என்றால் என்றென்றைக்குமான காலம், 'லாஸ்டென்' சுமைகள். இறையியலுக்குரிய ஒரு சொல் கணக்கேட்டில் இடம்பெற்ற அரிய நிகழ்வு இது. சுரங்கத்தால் அமிழ்ந்த நிலம் மீண்டும் எழாது. எம்ஷர் பாயும் பகுதிகளில் கணிசமான நிலம் சுற்றியுள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அங்கு பெய்யும் மழைநீர் தானாக ஆற்றை அடையாது. இறைத்துத்தான் ஏற்ற வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஊறும் நீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் அது மேலெழுந்து குடிநீர்ப் படுகைகளைக் கெடுக்கும். சுரங்கம் சார்ந்த இச்செலவுகளுக்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. எந்திரங்கள் நின்றால் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகள் ஏரிகளாகும்.

எம்ஷர்க் கரையின் மேல் செல்லும் பயணி சில இடங்களில் ஒரு விந்தையைக் காணலாம். ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஆற்றைவிடத் தாழ்ந்த மட்டத்தில் தெருக்கள், வீடுகள், தோட்டங்கள். காட்சி அமைதியானது. அந்த மட்ட வேறுபாடு, வெட்டி எடுக்கப்பட்ட கரியின் கன அளவை நிலத்தின்மேல் எழுதிக்காட்டும் கோடு. அருகிலுள்ள இறைப்பு நிலையம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது; சுற்றுலா வரைபடங்கள் அதைச் சின்னமாகக் குறிப்பதும் அரிது. சோல்ஃபெரைனின் தண்டுக்கோபுரம் ஓய்ந்துவிட்ட தொழிலின் அடையாளம். இறைப்பு நிலையம் ஓயாத ஒரு கடமையின் அடையாளம். வரலாற்றுத் தடம் என்று ஒன்றை வகுப்பவர் முன்னதை மட்டும் காட்டினால், பயணி ரூரின் கதை முடிந்துவிட்டதாக எண்ணிச் செல்வார்.

பழந்தொழில் நிலங்களில் நடைபாதையும் மிதிவண்டித் தடமும் அமைக்கும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் பெருகிவருகின்றன. அவற்றை ஆய்வோர்க்கு ரூர் மூன்று கேள்விகளை அளிக்கிறது. தடத்தின் கோட்டை முதலில் வரைந்தது எந்தச் சுமை? அந்நிலத்தை அதில் வாழ்ந்தவர் எந்தச் சொல்லால் அழைத்தனர். அச்சொல் இன்று எந்தப் பலகையிலேனும் உண்டா? மூடப்பட்ட தொழிலுக்காக இன்றும் யார், எதை, எவ்வளவு காலத்திற்குச் செலுத்திக்கொண்டிருக்கின்றனர்? முதற்கேள்விக்கான விடை வரைபடங்களில் கிடைக்கும். மூன்றாவதற்கு வரவுசெலவு அறிக்கைகள் போதும். இரண்டாவதற்கான விடை பேசுவோரின் வாயில் மட்டும் இருப்பது. கடைசிச் சுரங்கம் மூடி ஆண்டுகள் செல்லச் செல்ல 'மொட்டெக்' என்று சொல்லிப் பழகிய தலைமுறை குறைகிறது. கழிவு ஓடாத ஓடையைப் பார்த்து வளரும் குழந்தைக்கு 'கோட்டெல்பெக்கே' விளங்காது. ஓடை தெளிந்ததற்காக மகிழலாம். அச்சொல்லை, அதைச் சொன்னவர் இருக்கும்போதே, எழுதிவைப்பதும் சீரமைப்புப் பணியின் ஒரு பகுதியே.